ஊருக்குள் பரவாத சேதி

செவ்வாயில் காற்று மெல்லிசு, அதனால் சத்தம் அதிக தூரம் போகாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் தென்குடிக்கு வந்து பார்த்ததில்லை. தென்குடியின் கீழைக் குகையில் ஒருவர் தும்மினால், அவர் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் மேலைக் குகையிலிருந்து சுக்குக் கசாயம் வந்துவிடும். கசாயத்தோடு, "நேத்தே தலையில ஈரத்தோட நின்னியாமே" என்ற கேள்வியும் வரும்.

பெரிய பள்ளம் ஒன்றின் தெற்கு விளிம்பில் தென்குடி, எதிரே வடக்கு விளிம்பில் வடகுடி. இரண்டும் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ஒரே கப்பலில் வந்து இறங்கிய ஒரே சனம்தான். மாதா சப்பரம் தெரு முக்குக்கு வந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டுமா இடப்பக்கம் திரும்ப வேண்டுமா என்ற வழக்கில் பிரிந்தவர்கள். ஊரை விட்டுக் கிளம்பிய அவசரத்தில் கருவாட்டுப் பானையைக்கூட மறந்துவிட்டு வந்தவர்கள், அந்த வழக்கை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பள்ளத்தின் அடியில் இருந்த பனிக்கட்டிதான் இரண்டு ஊருக்கும் தண்ணீர். அது குறையக் குறைய வழக்கு வளர்ந்தது.

பிரகாசி தென்குடிக்காரி. ஊரின் சேதிகளெல்லாம் எங்கே பிறந்தாலும் ஒருமுறை அவள் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு போகும். பொய் சொல்ல மாட்டாள். மெய்யைக் கொஞ்சம் தாளித்துக் கொடுப்பாள். அவ்வளவுதான். அவளுக்கு ஆண்டவர் கொடுத்த சிலுவை அவளுடைய புருஷன் சூசைமுத்து. காற்றுக் குழாய்களின் வால்வுகளைப் பழுதுபார்க்கிறவர். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் பேசிய பேச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு பூசை நேரம் தேறாது.

"உங்க வாயிலயும் ஒரு வால்வு மாட்டி வச்சிருக்கியளோ?" என்று கேட்பாள்.

"ம்" என்பார். அதுவே அன்றைக்கு நீளமான பதில்.

வினை வந்தது இப்படி. பள்ளத்தின் மேற்கு மூலையில் புதிதாக ஒரு குழி தோண்டிப் பனியெடுக்கலாம் என்று ஊர்க்கமிட்டி கதவைச் சாத்திக்கொண்டு முடிவுசெய்தது. மறுநாள் கருவிகளோடு இறங்கிப் போனால், அதே மூலையில் வடகுடிக்காரர்கள் குச்சி நட்டுக் கொடி கட்டியிருந்தார்கள்.

"நம்ம ஊருக்குள்ள ஒற்றன் இருக்கான்" என்றார் தலைவர் லொயோலா மோத்தா.

"அவங்களும் நம்ம ஆளுதான தலைவரே" என்று கூட்டத்தில் ஒருவர் மெல்லச் சொன்னார். "நமக்குத் தோணுனது அவங்களுக்கும் தோணியிருக்கும்."

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் இல்லாத இருமலை வரவழைத்து இருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கருத்து தென்குடியில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒற்றனைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வந்தது. செய்தவள் கித்தேரி. ஆஸ்பத்திரி அறையைப் பார்த்துக்கொள்கிற பெண். பிரகாசியின் பக்கத்து வீடு. தலைக்குள் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிற பழைய இயந்திரத்தைப் பிரித்து மாட்டி, அதற்குக் கறைமானி என்று பெயரும் வைத்திருந்தாள்.

"அது என்னத்தைட்டி பாக்கும்?" என்று பிரகாசி கேட்டாள்.

"புதுசா ஒரு சேதி காதுல விழுந்தா மண்டைக்குள்ள ஒரு கறை விழும், மாமி. பீங்கான் கோப்பையில தேயிலைக் கறை விழுதுல்ல, அது மாதிரி. ஒவ்வொரு சேதிக்கும் ஒவ்வொரு கோலம். சேதியைத் தந்தவரு தலையில அந்தக் கோலத்தைப் பாத்து வச்சுக்கிட்டா, அது வேற யாரு தலையில இருக்குன்னு கண்டுபிடிச்சிரலாம். எப்ப விழுந்த கறைன்னும் தெரியும். புதுக்கறை ஈரமா மினுங்கும்."

"ஏயப்பா! அப்ப என் தலை?"

"உங்க தலையைப் பாத்தா கருவி உடைஞ்சிரும் மாமி."

பிரகாசிக்கு அது பெருமையாகவே இருந்தது.

மோத்தா தந்திரம் ஒன்று செய்தார். புதுக்குழி விஷயம் முன்கூட்டித் தெரிந்த ஆட்களைத் தனித்தனியாக அழைத்து, ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பொய்யைப் போட்டார். "ஊரோட உசுரு இதுல இருக்கு. பெண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக்கூடாது" என்று பைபிளைத் தொட்டுச் சத்தியமும் வாங்கினார். எந்தப் பொய்க்கு வடகுடி ஆடுகிறதோ, அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு போனவன் ஒற்றன். நல்ல தந்திரம்தான். வேறு எந்த ஊரிலாவது செய்திருக்க வேண்டியது.

சாயந்திரத்துக்குள் பொய்கள் எல்லாம் பிரகாசியின் வாசலுக்கு வந்துவிட்டன. பூமியிலிருந்து கப்பல் வருகிறது என்று ஒன்று. பனிக்கு அடியில் தங்கம் என்று ஒன்று. தலைவர் மகனுக்கு வடகுடியில் பெண் பேசுகிறார்கள் என்று ஒன்று. பிரகாசி மூன்றையும் பொருத்திப் பார்த்தாள். கப்பலில் வருகிற தங்கத்தைத்தான் பெண்ணுக்குப் போடப்போகிறார்கள் என்று தெரிந்தது. அதை ஊருக்குத் திருப்பி அனுப்பினாள்.

புருஷன் வந்ததும் கேட்டாள். "ஏங்க, கமிட்டியில எல்லாருக்கும் ஒரு ரகசியம் சொன்னாவளாமே. உங்களுக்கு என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமா?"

"ம்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரில் நடக்கத் தெரிந்த ஆம்பளைக்கெல்லாம் ரகசியம் கொடுத்துவிட்டு, காற்றைக் காக்கிற மனுஷனுக்கு மட்டும் கொடுக்கவில்லையா? மறுநாள் வீடு வீடாகப் போய் நியாயம் கேட்டாள். "எங்க வீட்டுக்காரவியளுக்கு மட்டும் ஒரு ரகசியமும் சொல்லலையே, நாங்க என்ன நேத்து வந்து இறங்குன வந்தட்டி சனமா?"

அந்தப் பேச்சுதான் அவர் கழுத்தில் விழுந்த முதல் கயிறு. அவளுக்கு அது அப்போது தெரியாது.

வடகுடி எந்தப் பொய்க்கும் ஆடக் காணோம். கித்தேரி ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்தித் தலை பார்த்தாள். எல்லார் தலையிலும் எல்லாக் கறையும் இருந்தது. தொட்டில் பிள்ளை தலையில்கூடத் தங்கக் கறை இருந்தது என்று சொல்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். ஒரே ஒரு கறை மட்டும் எங்கேயும் இல்லை. சேதியைக் கட்டிய மோத்தா தலையிலும், அதை வாங்கிக்கொண்ட சூசைமுத்து தலையிலும் மட்டும் இருந்தது. பிரகாசி தலையில் அந்த இடம் கழுவி வைத்த கோப்பை மாதிரி வெள்ளையாக இருந்தது.

"அப்ப அவியதான் சத்தியத்தைக் காப்பாத்தியிருக்காவ!" என்றாள் பிரகாசி. முப்பது வருஷத்தில் முதல் முறையாகப் புருஷனை நினைத்துப் பூரித்தாள். அந்தப் பூரிப்பு பொதுக்கூடத்துக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் இருந்தது.

பொதுக்கூடத்தில் மோத்தா எழுந்து நின்று, சாந்தமாக, பிரசங்கம் மாதிரி பேசினார்.

"தண்ணி பள்ளத்துக்கு ஓடும். சேதி பக்கத்து வீட்டுக்கு ஓடும். இந்த ஊர்ல இன்னைக்கு வரைக்கும் எந்தச் சேதியாவது நின்னு பாத்திருக்கியளா?"

"இல்ல" என்றது கூட்டம். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"மத்தச் சேதியெல்லாம் எங்க போச்சுன்னு கணக்கு இருக்கு. இன்னார் இன்னாருக்குச் சொன்னாருன்னு வரிசையா வருது. சூசைமுத்துகிட்ட சொன்ன சேதி மட்டும் ஊருக்குள்ள இல்ல. இங்க இல்லன்னா எங்க போச்சு?"

கூட்டம் மெல்லத் தலையைத் திருப்பி வடக்குச் சுவரைப் பார்த்தது.

"யாருகிட்டயும் போகலைன்னா?" என்று கித்தேரி கேட்டாள். "அவரு மனசுக்குள்ளயே வச்சிருந்தா?"

"ரகசியத்தை மனசுக்குள்ளயே வச்சுக்கிடத் தெரிஞ்சவனுக்கு என்ன பேரும்மா?" என்றார் மோத்தா. "அந்த வித்தைக்கு எங்கயோ பயிற்சி எடுத்திருக்கான். பெண்டாட்டிகிட்டயே, ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லியிருக்கான். அதுக்குச் சாட்சி இந்த ஊரே இருக்கு. பிரகாசி வந்து புலம்பாத வீடு உண்டா?"

ஒரு வீடும் இல்லை. பிரகாசி எழுந்து, வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொன்னாள்.

"என்கிட்ட சொன்னாவ, தலைவரே! நான்தான் மறந்துட்டேன்."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிற்று. பிரகாசி ஒரு சேதியை மறந்தாளாம். கித்தேரி தலையைக் குனிந்துகொண்டாள். கருவி ஏற்கனவே சொல்லிவிட்டதை அவள் வாயால் வேறு சொல்ல வேண்டியதில்லை.

"சூசை, நீ என்ன சொல்லுத?" என்று மோத்தா கேட்டார்.

"தலைவர்கிட்ட தனியாப் பேசணும்" என்றார் சூசைமுத்து.

"ஒற்றனோட தனியாப் பேசுனா நானும் கூட்டாளின்னு ஊர் சொல்லும். எல்லார் முன்னாலயும் பேசு."

"எல்லார் முன்னாலயும் பேச முடியாது."

"ஏன்?"

"நீங்கதான சத்தியம் வாங்குனிய."

"அந்தச் சேதியைச் சொல்லப்போறியா!" மோத்தா பதறிப்போய்க் கையை உயர்த்தினார். "வாயை மூடு! இத்தனை பேரு தலையிலயும் கறை விழுந்தா சாட்சி கலைஞ்சிரும்லா?"

அதனால் வழக்கு முழுவதும், எதைப் பற்றிய வழக்கோ அதை ஒருவரும் சொல்லாமலேயே நடந்தது. என்ன சேதி என்று கேட்கக்கூட யாரும் துணியவில்லை. தென்குடியில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

தீர்ப்பு இதுதான். சூசைமுத்துவை வெளியே அனுப்புவது. வடகுடி வாசல் வரைக்கும் நடக்கக் காற்று கொடுப்பார்கள். திரும்பி வரக் கொடுக்க மாட்டார்கள். வடகுடி கதவு திறந்தால் அவன் அவர்கள் ஆள் என்று ருசுவாகிவிடும்.

"திறக்கலைன்னா?" என்றாள் கித்தேரி.

"மாட்டிக்கிட்ட ஒற்றனை எந்த ஊரு உள்ள விடும்? திறக்கலைன்னாலும் ருசுதான்."

"அப்ப ஒருத்தன் ஒற்றன் இல்லன்னு எப்படித்தான் தெரியும் தலைவரே?"

மோத்தா உண்மையிலேயே யோசித்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். "அதுக்கு இன்னும் கருவி வரல மகளே" என்றார் கடைசியில், வருத்தத்தோடு.

அடைத்து வைத்த அறையில் பிரகாசி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லுங்க. இப்பமாவது சொல்லுங்க. நான் ஊரெல்லாம் சொல்லிருதேன். எல்லாரு தலையிலயும் கறை விழுந்துட்டா உங்களைத் தனியாப் பிரிக்க முடியாதுல்லா?"

"புதுக்கறை மினுங்கும். கித்தேரி சொன்னா."

"மினுங்கட்டும்! மத்தவனுவளுக்குச் சொன்னதெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குச் சொன்னதும் பொய்தான? ஒரு பொய்க்காகவா சாவப்போறிய?"

"தலைவரு பொய்யின்னு நெனச்சுத்தான் சொன்னாவ" என்றார். பிறகு வால்வு மூடிக்கொண்டது.

அவள் திட்டினாள், அழுதாள், மாதாவையும் சம்மனசுகளையும் துணைக்கு அழைத்தாள், அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நான் அந்தப் பேச்சை வீடு வீடாப் போய்ப் பேசாம இருந்திருக்கணும்" என்றாள். அவர் அவள் தலைமுடியைக் கோதிவிட்டார். "நீ பேசாம இருந்தா ஊரு பயந்துபோயிருக்கும்" என்றார். அது அவர் செய்த பரிகாசமா, ஆறுதலா என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் வெளிவாசல் அறையில் அவருக்கு உடுப்பு மாட்டினார்கள். வழியனுப்ப ஊரே வந்திருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. தலைக்கூடு மாட்டுவதற்கு முன் பெண்சாதி முத்தம் கொடுக்கலாம் என்று மோத்தா அனுமதித்தார். பிரகாசி குனிந்தபோது, சூசைமுத்து அவள் காதுக்குள், வாழ்க்கையில் இல்லாத வேகத்தில் பேசினார்.

"கிழக்குக் காத்துத் தொட்டி அடியில வெடிப்பு விட்டிருக்கு, காத்து கசியுது. அதான் அவரு எனக்குச் சொன்ன பொய். நான் போய்ப் பாத்தேன், நெசமாவே வெடிச்சிருக்கு. வெளிய தெரிஞ்சா சனம் முட்டி மோதிச் செத்துருமேன்னு நானே அடைச்சுக்கிட்டு இருந்தேன். பாதிதான் அடைச்சேன். தனியா இனி முடியாது. பிரகாசி, இப்பம் நீ சொல்லு. எல்லாருக்கும் சொல்லு. உன்னால முடியும்."

தலைக்கூடு மூடியது. கண்ணாடிக்குள் அவர் உதடு அசையவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார்.

கதவு திறந்தது. அவர் நடந்தார். பெரிய சன்னலில் தொலைநோக்கியை வைத்து ஊர் மாற்றி மாற்றிப் பார்த்தது. பள்ளத்தில் இறங்கினார், ஏறினார், வடகுடி வாசலை அடைந்தார். தட்டினார். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை தட்டினார். மூன்றாவது முறை தட்டவில்லை. தொந்தரவு கொடுக்கிற சுபாவம் அவருக்கு என்றுமே கிடையாது. வாசலுக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி, முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்துகொண்டார். அப்படியே இருந்தார்.

"பாத்தியளா, வடகுடிக்காரன் கைவிட்டுட்டான்" என்று யாரோ சொன்னார்கள். யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பிரகாசி தொலைநோக்கிப் பக்கம் போகவே இல்லை. நேராக மோத்தாவிடம் போனாள். அந்தச் சேதியை முன்பே தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

"தலைவரே, கிழக்குத் தொட்டி வெடிச்சிருக்கு."

மோத்தாவின் முகத்தில் முதலில் திகைப்பும், பிறகு பெரிய நிம்மதியும் வந்தன. இரண்டு நாளாக அவர் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "சொல்லிட்டானா? உன்கிட்ட சொல்லிட்டானா! அப்ப அவன் வாயைத் திறக்குத ஆளுதான். நான் நெனச்சது சரிதான். மாதாவே, ஒரு நிரபராதியைக் கொன்னுட்டேனோன்னு மருகிக்கிட்டு இருந்தேன்."

"தொட்டி தலைவரே! தொட்டி!"

"ஏட்டி, அது நான் கட்டுன பொய். இந்த நாற்காலியில உக்காந்து கட்டுனேன். வால்வுக்காரனுக்குத் தோதா இருக்கட்டும்னு தொட்டியை வச்சுக் கட்டுனேன். என் பொய் எனக்குத் தெரியாதா?"

"ஒரு எட்டு போய்ப் பாருங்க."

"ஒற்றன் வேலை பாத்த இடம் அது. சாட்சி கலையக் கூடாதுன்னு பூட்டி முத்திரை வச்சிருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். உண்மையான இரக்கத்தோடு சொன்னார். "பிரகாசி, துக்கத்துல இருக்க. இதை வெளிய சொல்லாத. வடகுடிக்காரன் கட்டிவிட்ட புரளின்னு ஆயிரும். கேக்குதவனுக்கும் ஆபத்து."

அவள் வெளியே வந்து சொன்னாள். முதலில் எதிர்ப்பட்டவரிடம், "கிழக்குத்…" என்று ஆரம்பித்தாள். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அடுத்த வாசலில் கதவைச் சாத்தினார்கள். கீழைக் குகையில் பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள், பிள்ளைகள் தாய்மாரின் காதைப் பொத்தினார்கள். ஒற்றன் சொன்ன சேதியின் கறை ஒரு சொட்டு விழுந்தாலும் கருவி காட்டிவிடும். அவள் கத்தினாள். ஊர் அதைவிடச் சத்தமாக ஜெபமாலை சொன்னது. முப்பது வருஷம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் அது.

கடைசியில் கித்தேரியின் வீடு. கித்தேரி கதவைச் சாத்தவில்லை. வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். காதுகளை மட்டும் பொத்தியிருந்தாள்.

"நீ படிச்ச பிள்ளை. நீயாவது கேளுட்டி. ஒரே ஒரு வார்த்தை."

"எனக்குக் கைப்பிள்ளை இருக்கு மாமி" என்றாள் கித்தேரி. பிரகாசி என்ன கேட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. உதட்டசைவைப் பார்த்துவிடக் கூடாதே என்று கண்ணையும் மூடிக்கொண்டாள்.

பிரகாசி குகையின் நடுவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெபமாலையும் ஓய்ந்தது. எங்கும் கதவுகள் சாத்தியிருந்தன. தென்குடி உண்டான நாளிலிருந்து அதற்கு அப்படி ஒரு அமைதி வாய்த்ததில்லை. அந்த அமைதியில், கிழக்கிலிருந்து வருகிற குழாய்க்குள், சின்னப் பிள்ளை விசிலடிக்கப் பழகுகிற மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. நிற்காமல் கேட்டது. யார் கவனித்திருந்தாலும் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

காதைப் பொத்தாமல் இருந்தது அவள் ஒருத்திதான்.